இருட்டுத் தொட்டியின் பயனாளி

தெளிவு ஆராய்ச்சி நிலையத்தார் முதன்முதலாக வாசலில் வந்து நின்றபோது, துணி தைக்கக் கொடுக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்துத் தையற்காரர் கழுத்தில் அளவுநாடாவோடு வெளியே வந்தார். அவர்களிடமும் ஓர் அளவுநாடா இருந்தது. அது அவருடையதைவிட நீளம். வந்தவர்கள் வீட்டைச் சுற்றிக்கொண்டு நேரே கொல்லைக்குப் போய், கிணற்றையும் அதன் பக்கத்தில் இருந்த காலி இடத்தையும் அளந்தார்கள். அளந்து முடித்த பிறகுதான் வீட்டுக்காரர் யார் என்று கேட்டார்கள்.

கிணற்றைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். தெருமுனைச் சாயப்பட்டறையில் என்ன நிறம் ஓடுகிறதோ, சில நாள் கழித்து அந்த நிறம் கிணற்றில் தெரியும். வரப்போகிற பருவத்தில் ஊரார் என்ன நிறத்தில் உடுத்தப்போகிறார்கள் என்று கடைக்காரர்களுக்கு முன்பே தெரிந்துகொள்ளும் ஒரே தையற்காரர் அவர்தான். அதனால் அவருக்கு ஒரு லாபமும் இல்லை. அவருடைய மனைவிக்குக் கையிலும் காலிலும் தடித்துத் தோல் வெடித்தது. மருந்து கொடுத்துப் பார்த்த டாக்டர், கடைசியில் மருந்தை நிறுத்திவிட்டு, தண்ணீரை மாற்றுங்கள் என்றார். தண்ணீரை மாற்ற முடியாததால் மனைவியை மாற்ற வேண்டியதாயிற்று. அவள் மகள் வீட்டுக்குப் போனாள். ஒரு மாதம் என்று சொல்லிப் போனவள்தான். தையல் மெஷினும் வாடிக்கைக்காரர்களும் இங்கே இருந்ததால் அவர் இங்கே இருந்தார்.

தினமும் சாயங்காலம் அவள் போன் செய்வாள்.

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு."

"தண்ணி என்ன கலரு?"

"நீலம்."

"கருநீலமா, வெளிர் நீலமா?"

"நேத்தைவிட இன்னைக்கு கொஞ்சம் வெளுப்பு."

"பாத்துக்கலாம்," என்பாள். அதோடு பேச்சு முடியும். பிறகு அவர் மெஷினில் உட்காருவார். மெஷின் ஓடும்வரை வீட்டில் ஒரு சத்தம் இருக்கும்.

ஆகவே, நிலையத்தின் ஒருங்கிணைப்பாளர் கிணற்றை எட்டிப் பார்த்து, "அருமையான தண்ணி சார். இப்படி ஒரு மாசு கிடைக்கறது கஷ்டம்," என்று பாராட்டியபோது, தையற்காரருக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

ஒருங்கிணைப்பாளர் விளக்கினார். "எங்க நிலையத்துல ஒரு பொடி கண்டுபிடிச்சிருக்கோம். கண்ணுக்கே தெரியாத துகள். தண்ணியில கலந்து வெயில் பட வெச்சா போதும். வெயிலை வாங்கிக்கிட்டு அழுக்கை உடைச்சிரும். சாயமோ எண்ணெயோ மருந்துக் கழிவோ, எதுவா இருந்தாலும் துண்டு துண்டா உடைஞ்சு காத்தோட போயிடும்."

"மிஞ்சுறது?"

"தண்ணி."

"வெறும் தண்ணியா?"

"வெறும் தண்ணி."

தையற்காரர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப வீட்டுக்காரியை வரச் சொல்லலாங்களா?"

அது திட்டத்தின் மூன்றாவது நோக்கத்தில் அடங்கும் என்று ஒருங்கிணைப்பாளர் சொன்னார்.

அன்று முதல் தையற்காரர் பயனாளி ஆனார். பயனாளி இல்லாமல் பயன் இருக்க முடியாது என்பது நிலையத்தின் கொள்கை. பயன் இல்லாமல் பயனாளி இருக்கலாமா என்பது பற்றி அவர்கள் கொள்கை எதுவும் வகுத்திருக்கவில்லை.

பெரிய தொட்டி ஒன்று வந்து கொல்லையில் இறங்கியது. கிணற்றுத் தண்ணீரை அதில் நிரப்பினார்கள். வெள்ளைப் பொடியைக் கொட்டிக் கலக்கினார்கள். நீலத் தண்ணீர் பால் கலந்த நீலமாயிற்று. தையற்காரர் உள்ளே போய் ஒரு நாற்காலி கொண்டுவந்து, தொட்டி பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். வெயில் நன்றாக அடித்தது. அதற்குள் இரண்டு பேர் வந்து தொட்டியை மூட ஆரம்பித்தார்கள்.

"சார், வெயில் படணும்னு சொன்னீங்களே?"

"அது வெளிச்சத் தொட்டி சார். நிலையத்து வளாகத்துல வெக்கிறோம். இது இருட்டுத் தொட்டி."

"ரெண்டு தொட்டிங்களா?"

"ரெண்டு இல்லாம எப்படி? வெயில் பட்டுத்தான் தண்ணி தெளிஞ்சதுன்னு எப்படிச் சொல்றீங்கன்னு நாளைக்கு ஒருத்தன் கேப்பான். அவன் வாயை அடைக்க, அதே தண்ணி, அதே பொடி, வெயில் மட்டும் படாத தொட்டி ஒண்ணு வேணும். அதுதான் உங்களுது."

"அங்க சாயத் தண்ணி இருக்குங்களா?"

"அங்க ஏது? உங்க கிணத்துலருந்துதான் லாரியில போகும்."

"அங்க தெளியற தண்ணி யாருக்குங்க?"

"அங்க எல்லாருக்கும் நல்ல தண்ணி இருக்கு சார். தெளியறது சும்மா பாக்கறதுக்கு."

தையற்காரர் மூடிய தொட்டியைப் பார்த்தார். "அப்ப இது எப்பங்க தெளியும்?"

ஒருங்கிணைப்பாளர் முகத்தில் முதல் தடவையாகக் கவலை தெரிந்தது. "தெளியவே கூடாது. இது தெளிஞ்சா மொத்த ஆராய்ச்சியும் போச்சு. உங்களுது தெளியாம இருக்கறதாலதான் மத்தது தெளிஞ்சதுன்னே சொல்ல முடியும். இந்தத் திட்டத்துல ரொம்ப முக்கியமான ஆளே நீங்கதான்." பிறகு தணிந்த குரலில், "வேலை முடிஞ்சதும் மூடியை எடுத்துடறோம். அப்புறம் தொட்டி, பொடி, வெயில் எல்லாம் உங்களுக்கே," என்றார்.

முக்கியமான ஆள் என்று அவரை யாரும் சொல்லி நெடுநாளாகியிருந்தது. அவர் சம்மதித்தார்.

மூடி விஷயத்தில் சிறு சிக்கல் வந்தது. கொண்டுவந்த மூடி சின்னது. பயனாளியே தையற்காரராக இருப்பது திட்டத்தின் அதிர்ஷ்டம் என்று கறுப்புத் துணியைக் கொடுத்துத் தைக்கச் சொன்னார்கள். அவர் இரட்டைத் துணி வைத்து, நெருக்கித் தையல் போட்டு, ஓரத்தில் நாடா கோத்துக் கொடுத்தார். ஒரு குழு வந்து அதைச் சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்த்தது. ஊசி இறங்கிய ஒவ்வொரு துளையிலும் ஒரு புள்ளி வெளிச்சம் இருந்தது. தைக்காமல் ஒரு மூடி தைத்துத் தர முடியுமா என்று கேட்டார்கள். முடியாது என்று அவர் ஒத்துக்கொண்டதும், ஓட்டையோ ஒடிசலோ இல்லாத கனத்த தார்ப்பாய் ஒன்று வந்தது. அதை ஆளுக்கொரு முனையாக இரண்டு பேர் இழுத்துப் பிடித்துக் கட்டினார்கள். தையற்காரரிடம், "மூடியை மட்டும் தொடாதீங்க. எட்டிக்கூடப் பாக்காதீங்க. நீங்க பாக்கணும்னா வெளிச்சம் வேணும். வெளிச்சம் வந்தா கெட்டுது," என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

சாயங்காலம் அவர் மனைவியிடம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"அப்ப தண்ணி தெளியக் கூடாதுன்னு வேண்டிக்கணுமா?"

"கொஞ்ச நாளைக்கு."

"நமக்குன்னு பாத்து ஆண்டவன் இருட்டுத் தொட்டியை அனுப்பியிருக்கான் பாருங்க," என்று சிரித்தாள். அவரும் சிரித்தார். போனை வைத்த பிறகு தனியாகச் சிரிக்க முடியவில்லை.

வெளிச்சத் தொட்டியின் திறப்பு விழாவுக்குப் பயனாளியை அழைத்திருந்தார்கள். வளாகம் விசாலமானது, மரமே கிடையாது. வெயிலுக்காகவே தேர்ந்தெடுத்த இடம். ஆனால் திறந்து வைக்க வருகிற பெரியவருக்கு வெயில் ஆகாது. அதனால் தொட்டிக்கும் மேடைக்கும் சேர்த்து ஒரே கூரையாக, நல்ல கெட்டியாக, தகரத்தில் போட்டிருந்தார்கள். பயனாளியின் நாற்காலி மட்டும் கூரைக்கு வெளியே அமைந்துவிட்டது. அன்று அந்த வளாகத்தில் முழு வெயிலும் பட்டுக்கொண்டிருந்தது பயனாளி ஒருவர் மேல்தான்.

நிலையத்தின் இயக்குநர் பேசினார்: "இயற்கை நமக்கு இலவசமாகத் தருவது சூரிய ஒளி. இலவசமாகக் கிடைப்பதை மக்கள் மதிப்பதில்லை. ஒளியை மக்கள் மதிக்கும்படி செய்வதே இந்த நிலையத்தின் பணி. இந்தப் பணியை விட்டு நாங்கள் ஒருபோதும் வெளியே வர மாட்டோம்." கைதட்டினார்கள்.

பெரியவர் பெயர் பொறித்த பலகையைக் கூரையின் நெற்றியில் பதித்திருந்தார்கள். ஆகவே விழா முடிந்தும் கூரையைப் பிரிக்க முடியவில்லை. கூரையைப் பிரித்தால் பலகையைப் பிரித்ததாகும். பலகையைப் பிரித்தால் பெரியவரை அவமதித்ததாகும். மூன்று துறையார் கூடிப் பேசி, கூரை இருக்கட்டும், வெளிச்சத்தை உள்ளே கொண்டுவரலாம் என்று முடிவெடுத்தார்கள். வெயிலில் இருக்கிற புற ஊதாக் கதிரை மட்டும் தருகிற விளக்குகளை வரவழைத்துத் தொட்டிக்கு மேலே கட்டினார்கள். விளக்கு எரிய மின்சாரம் வேண்டும். சுற்றுச்சூழல் நிலையம் அனல் மின்சாரம் எடுப்பது அழகல்ல என்பதால், கூரைமேல் சோலார் தகடுகளைப் பரப்பினார்கள். கூரையில் ஏதாவது இடுக்கு வழியாக வந்துகொண்டிருந்த வெயிலும் அத்தோடு நின்றது.

பயனாளியை ஒருநாள் அழைத்துப் போய் இதைக் காட்டினார்கள். அவர் கூரைக்கு மேலே பார்த்தார். கூரைக்குக் கீழே பார்த்தார்.

"புரியுதுங்களா?" என்று ஒருங்கிணைப்பாளர் கேட்டார். "மேல வெயில் விழுது. தகடு அதைக் கரண்டாக்குது. கரண்டு கீழே வந்து திரும்ப வெயில் ஆகுது."

"ஆகுதுங்களா?"

"ஆகும். இப்போதைக்கு கரண்டு பெயர்ப்பலகைக்கே சரியா இருக்கு. அது பகல்லயும் எரியணும்னு இயக்குநர் சொல்லிட்டார்."

திரும்பி வரும்போது, தனக்குத்தான் விஷயம் பிடிபடவில்லை போலிருக்கிறது என்று தையற்காரர் நினைத்துக்கொண்டார். படித்தவர்கள் இத்தனை பேர் ஒரே மாதிரி தலையாட்டும்போது வேறு எப்படி நினைப்பது?

முதல் கட்டம் முடிந்தது. இரண்டு தொட்டியிலிருந்தும் தண்ணீர் எடுத்துச் சோதித்தார்கள். இரண்டும் அச்சு அசலாக ஒரே நிறத்தில் இருந்தன. நிறைவு விழாவில் இயக்குநரின் குரல் தழுதழுத்தது: "வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு சூழ்நிலைகளில் வைத்த இரு தொட்டிகள் இம்மியளவும் மாறாத முடிவைத் தந்திருக்கின்றன. இத்தகைய ஒற்றுமையை என் பணிக்காலத்தில் நான் கண்டதில்லை. தண்ணீரில் தெளிவைத் தேடுபவர்கள் தேடட்டும். நமக்கு அணுகுமுறையில் தெளிவு பிறந்துவிட்டது. தெளிவு பிறந்துவிட்டதாகவே செய்தி வெளியிடலாம்."

செய்திக்குப் படம் வேண்டும் என்று ஒருங்கிணைப்பாளர் ஆட்களோடு வந்தார்.

"பயனாளியும் குடும்பமும் தொட்டி பக்கத்துல சந்தோஷமா நிக்கிற மாதிரி. வீட்ல அம்மாவைக் கூப்பிடுங்க."

"அவங்க இல்லைங்க."

"எப்ப வருவாங்க?"

"தண்ணி தெளிஞ்சதும் வருவாங்க."

அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. நிலையத்தில் தட்டச்சு வேலை பார்க்கும் அம்மாளை வேனில் அழைத்து வந்தார்கள். ஏறக்குறைய வயது ஒத்துப்போயிற்று. கேமராக்காரர் சாமான்களை எடுத்து வைக்கும்வரை அந்த அம்மாள் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்தவளுக்கு டீ போட வேண்டும் என்று தையற்காரருக்குத் தோன்றியது. கேன் தண்ணீரில் டீ போட்டுவிட்டு, இரண்டாவது டம்ளர் எங்கே இருக்கிறது என்று தேடினார்.

"அக்கா எங்க?" என்று அவள் கேட்டாள்.

"பொண்ணு வீட்ல. இந்தத் தண்ணி ஒத்துக்கலை. நீங்களும் கிணத்துப் பக்கம் கை வெச்சிராதீங்க."

"சரிங்க." அவள் டீயைக் குடித்தாள். "எனக்கு இதெல்லாம் பிடிக்காதுங்க. சொன்னா வரணும்."

"தெரியுதுங்க."

கொல்லையில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். "தண்ணி தெளிஞ்ச மாதிரி சிரிங்க," என்றார் கேமராக்காரர். அவள் பழகியவள், சிரித்தாள். அவருக்குத் தாடை வலித்தது. போகும்போது அவள், "வரேங்க," என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினாள். அந்த வீட்டு வாசலில் யாரும் அந்தச் சொல்லைச் சொல்லி வெகுநாளாகியிருந்தது. அவர் சற்று நேரம் கதவைச் சாத்தாமல் நின்றார்.

ஒருங்கிணைப்பாளர் கடைசியாக வேனில் ஏறப் போனபோது அவர் கேட்டார்: "முடிஞ்சதும் மூடியை எடுத்துடறேன்னு சொன்னீங்களே?"

"கட்டம்தான் முடிஞ்சுது. திட்டம் எங்க முடிஞ்சுது? இரண்டாம் கட்டத்துக்கு இப்பத்தானே அனுமதி வந்திருக்கு."

மறுநாள் போன் வழக்கமான நேரத்துக்கு முன்பே அடித்தது.

"பேப்பர்ல படம் பாத்தேன். மாப்பிள்ளைதான் காட்டினார். பக்கத்துல யாரு அது?"

"தட்டச்சு அம்மா."

"நல்லாத்தான் இருக்காங்க. ஜாக்கெட்டு சரியா தைக்கலை. நீங்க தைச்சதில்லையே?"

"இல்லை இல்லை."

"அது போகட்டும். தண்ணி தெளிஞ்சிருச்சாமே. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே? பையெல்லாம் எடுத்து வெச்சுட்டேன்."

அவர் கொல்லைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"என்னங்க?"

"பேப்பர்லதான் தெளிஞ்சிருக்கு. நீ பையைப் பிரிச்சு வெச்சிரு."

மகள் வீட்டுக் குக்கர் விசில் அடித்தது இங்கே கேட்டது.

"நீங்க மூடியைத் தூக்கிப் பாத்தீங்களா?" என்றாள்.

"பாக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"பொண்டாட்டியைப் பாக்காம இருக்கணும்னு ஆச்சு, இருந்தீங்க. தண்ணியையாவது பாருங்க."

அவர் கொல்லைக்குப் போனார். கட்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து, தார்ப்பாயை ஒரு பக்கமாக இழுத்தார். அது தன் கனத்திலேயே சரிந்து மறுபக்கம் போய் விழுந்தது. தண்ணீர் பழைய நீலமாகவே இருந்தது. அவர் போனில் அப்படியே சொன்னார். அவள், "சரி," என்றாள்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். தார்ப்பாயைத் திரும்ப மூட வேண்டும். இந்த முனையைப் பிடித்து இழுத்தால் அந்த முனை நழுவியது. அந்த முனையைக் கட்டிவிட்டு வந்தால் இந்த முனை தண்ணீருக்குள் விழுந்தது. மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆள் இருந்தால் நொடியில் முடிகிற வேலை. இருட்டும்வரை முயன்றுவிட்டு, வாடிக்கைக்காரர் யாராவது வந்தால் பிடிக்கச் சொல்லலாம் என்று விட்டுவிட்டார். மறுநாள் யாரும் வரவில்லை. அதற்கடுத்த நாள் வந்தவர் கைக்குழந்தையோடு வந்தார். அதற்கும் மறுநாள் வந்தவர் பித்தான் தைக்கக் கொடுத்துவிட்டு வாசலோடு போய்விட்டார். தொட்டி திறந்தே கிடந்தது. வெயில் தன் பாட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தது.

ஒருநாள் பல் தேய்க்கக் கொல்லைக்குப் போனவர், தொட்டியைப் பார்த்து, தண்ணீரை யாரோ எடுத்துவிட்டார்கள் என்று பயந்துபோனார். அடியில் வெள்ளைப் பொடி படிந்திருந்தது தெரிந்தது. மேலே ஒன்றும் தெரியவில்லை. கையை விட்டுப் பார்த்தார். மணிக்கட்டு வரை நனைந்தது.

அவர் வாய் கொப்பளிக்கவும் மறந்து போனை எடுத்தார். "கிளம்பி வா," என்றார்.

"பேப்பர்லயா?"

"இல்லை. கொல்லையில."

அவள் அடுத்த நாள் பஸ்ஸில் புறப்பட்டாள். அதே நாள் காலையில், இரண்டாம் கட்டத்துக்காக நிலையத்தார் வந்தார்கள். ஒருங்கிணைப்பாளர் தொட்டியைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"பழுதாயிடுச்சு," என்றார்.

"எதுங்க?"

"தொட்டிதான். பாருங்க எப்படி இருக்குன்னு. ஒரு சொட்டு நிறம் இல்லை."

இயக்குநருக்குப் போன் போட்டார். பதற்றத்தில் ஒலிபெருக்கியை அழுத்திவிட்டதால் கொல்லை முழுக்கக் கேட்டது.

"என்ன, இருட்டுத் தொட்டி தெளிஞ்சிருச்சா? வெளிய தெரிஞ்சா என்ன ஆகும்? இருட்டுலயே தெளியும்னா வெளிச்சம் எதுக்குன்னு கேப்பான். வெளிச்சம் எதுக்குன்னு கேட்டா நாம எதுக்குன்னு கேப்பான்."

"ஐயா, மூடி திறந்து கிடந்திருக்கு. வெயில் பட்டிருக்கு."

"வெயிலா? யாரைக் கேட்டு? நம்ம பொடி மேல நம்ம அனுமதி இல்லாம வெயில் எப்படிப் படலாம்? இது திட்டத்துக்கு வெளிய நடந்த தெளிவு. இதை நாம ஏத்துக்க முடியாது. உடனே கொட்டிட்டு நல்ல மாசுத் தண்ணியா பிடிச்சு வைங்க."

தையற்காரர் தொட்டிக்கு முன்னால் வந்து நின்றார். "சார், இன்னைக்கு ஒரு நாள் இருக்கட்டும். மத்தியானம் வரைக்கும் இருந்தாப் போதும். வீட்டுக்காரி வந்துக்கிட்டிருக்கா. அவ பாத்துரட்டும்."

"உங்க கஷ்டம் புரியுது சார். ஆனா இப்ப இந்தத் தண்ணி யாருக்குமே உபயோகம் இல்லையே," என்றார் ஒருங்கிணைப்பாளர், நிஜமான வருத்தத்தோடு. குழாயைத் திறக்கச் சொன்னார். போகிற தண்ணீர்தானே என்று, அதில் இரண்டு கை அள்ளி முகம் கழுவிக்கொண்டார். ஆட்களும் கழுவிக்கொண்டார்கள். மிச்சம் சாக்கடையில் இறங்கி, சாயப்பட்டறைத் தண்ணீரோடு கலந்து போயிற்று.

அன்றைக்குக் கிணற்றில் கத்தரிப்பூ நிறம். அதை நிரப்பிப் பொடி போட்டு, இந்தத் தடவை இரும்பு மூடி போட்டுப் பூட்டிக்கொண்டிருந்தபோது, கையில் பையோடு அவருடைய மனைவி கொல்லைக்கு வந்து நின்றாள்.

"யாரும்மா நீங்க?" என்றார் ஒருங்கிணைப்பாளர்.

"இந்த வீட்டம்மா."

"இல்லையே. பயனாளியோட மனைவி வேற ஒருத்தங்க. எங்ககிட்ட படம் இருக்கே."

"அவங்க வந்துட்டுப் போனவங்க. நான் போயிட்டு வந்தவ."

ஒருங்கிணைப்பாளர் இதை யோசித்துப் பார்த்தார். "அப்படின்னா விருந்தாளின்னு வெச்சுக்கலாம். தொட்டிப் பக்கம் மட்டும் வராதீங்கம்மா," என்று சொல்லி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார்.

அவள் பையைக் கீழே வைக்கவில்லை. கிணற்றை எட்டிப் பார்த்தாள். பூட்டைப் பார்த்தாள். அவளுடைய கைகள் ஆறி, பழைய கைகளாக ஆகியிருந்ததை அவர் பார்த்தார். கிணற்றடி வாளியை எடுத்துத் தள்ளி வைத்தார்.

சமைத்துச் சாப்பிட்டார்கள். கேன் தண்ணீர் இரண்டு பேருக்குப் போதுமாக இருந்தது. சாப்பிட்ட தட்டைக் கழுவப் போனவளைத் தடுத்து, அவரே கழுவினார்.

"நீங்களும் அங்க வந்துருங்களேன்," என்றாள்.

"மாப்பிள்ளை வீட்ல மெஷினை எங்க போடுறது? இருக்கறதே ஒரு ரூமு."

வெயில் சாய்வதற்குள் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். பையை அவர் எடுத்துக்கொண்டார். நிறுத்தத்தில் வேறு யாரும் இல்லை.

"நிஜமாவே தெளிஞ்சுதா?"

"தெளிஞ்சுது."

"எப்படி இருந்துச்சு?"

அவர் யோசித்தார். "அடி தெரிஞ்சுது. ஒண்ணுமே இல்லாத மாதிரி இருந்துச்சு. குனிஞ்சா நான் தெரிஞ்சேன்."

"நீங்க மட்டுமா?"

"நான் மட்டும்தான்."

பஸ் வந்தது. பாதி காலியாக இருந்தது. பயணிகள் எல்லாரும் நிழல் பக்கமாகப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். அங்கே இன்னும் இடம் இருந்தும், அவள் இந்தப் பக்கம் வந்து, முகத்துக்கு நேரே வெயிலடிக்கிற ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவர் நின்றுகொண்டிருந்தது அந்த வெயில் பக்கம்தான்.